மிதிகட்டைக்குப் பக்கத்தில் விரியன்

யுத்த காலம் அது. அரூரில் காடு, பறவை, பூச்சிகளைப் பற்றி நாங்கள் ஒரு சிறு மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். கட்டுரை எழுதுவது நான். அச்சுக் கோப்பதும், காலால் மிதிக்கும் இயந்திரத்தில் அச்சடிப்பதும் முனியப்பன்.

ஒரு மழைநாள் மதியம் இயந்திரச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். மிதிகட்டைக்குப் பக்கத்தில், முனியப்பனின் வெறுங்காலை ஒட்டி, ஒரு கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்து சீறிக்கொண்டிருந்தது.

நான் மூலையிலிருந்த தடியை எடுத்தேன்.

"அடிக்காதீங்க சார்," என்றார் முனியப்பன், உதடு அசையாமல். "ஆடாம நின்னா அதும்பாட்டுக்குப் போயிரும்னு போன மாசம் நீங்கதானுங்களே எழுதுனீங்க. நான்தானே அச்சுக் கோத்தேன்."

பக்கத்தை நிரப்ப நான் எழுதிய வரி அது. யாரோ சொல்லிக் கேட்டது. விரியனை அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் பதறிக் காலை இழுத்துவிடுவார். சொல்லாவிட்டால் என்னை நம்பியே நிற்பார். தடியை மெல்லத் தாழ்த்தினேன்.

அவருடைய கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது. சீறல் மெல்ல அடங்கியது. விரியன் சுருள் பிரிந்து, அவர் பாதத்தின் மேலேயே ஊர்ந்து, வாசலைத் தாண்டி மழைக்குள் போய் மறைந்தது.

முனியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க எழுதுனது சரிதானுங்க," என்று சிரித்தார்.

"நான் பார்த்து எழுதலைண்ணே. யாரோ சொன்னதைத்தான் எழுதுனேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து தன் பாதத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இதை இன்னும் எத்தன பேரு படிச்சு நம்பியிருப்பாங்க சார்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு, கண்ணால் பார்க்காத எதையும் பார்த்ததுபோல் எழுத எனக்கு மனம் வந்ததில்லை.