நான் சொன்ன சாவு

நகரத்தின் பசுந்தாங் பேட்டையில் ஒரு நாலாவது மாடி அறையில் லுங்கிக்கு ஓரம் தைத்துப் பிழைக்கிறேன். அதிகம் பேசாதவள். சண்டை நடக்கும் வடக்கு ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்குத் தங்க இடம் தேடிக்கொடுக்கும் ஒரு நர்ஸம்மா, ஒரு தாயையும் மகளையும் சில மாதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாய்க்கு இருபத்து மூன்று வயது. குழந்தைக்கு மூன்று. ஊரை எரித்தபோது பட்டாள உடுப்புக்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்தார்கள். அதில் பிறந்த பிள்ளை. இதை நர்ஸம்மா என்னிடம் மட்டும் சொன்னார். அவள் குழந்தையைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசும்போதுகூட அதன் கண்ணைப் பார்க்கமாட்டாள்.

என்னை அக்கா முறையில் ‘அமா’ என்று அழைத்தாள். வந்த அன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

“அமா, இதோட அப்பனப் பத்தி யாரு கேட்டாலும் ஒண்ணும் சொல்லாதீங்க. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம்.”

சரி என்றேன்.

வீட்டில் விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும். மூவரும் போனோம். புருஷன் எங்கே என்று குமாஸ்தா கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் நின்றார்கள். செத்துவிட்டார் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படகு கவிழ்ந்து, போன வருஷம் இதே மாதத்தில் என்று சேர்த்தேன். அவர் எழுதிக்கொண்டார். திரும்பும் வழியில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

ஆபீஸ் வரிசையில் எங்கள் கட்டடத்துக் கீழே மொயிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மாளும் நின்றிருந்தார். நல்ல மனசுக்காரி. அடுத்த வாரமே மாடி மாடியாக ஏறி அரிசியும் எண்ணெயும் சேர்த்துவிட்டார். வருஷம் திரும்புகிறதாம், புத்த பிக்குகளான பொங்கிகளை அழைத்துச் சோறு கொடுத்து, நீர் ஊற்றி, செத்தவருக்குப் புண்ணியம் சேர்க்க வேண்டுமாம். ஏற்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். அப்போதும் நான் தலையாட்டினேன். மறுத்தால் சந்தேகம் வரும், ஒரு காலைப்பொழுதுதானே என்று நினைத்தேன்.

அவளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க விரும்புகிறேன்.

“நீங்க சாவடிச்ச ஆளு அமா. நீங்களே ஊத்துங்க.”

ஆனாலும் வந்து உட்கார்ந்தாள். இந்த இடத்தை விட்டால் குழந்தையோடு போக வேறு இடமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பொங்கிகள் ஓதினார்கள். செம்பிலிருந்து கிண்ணத்துக்கு நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவள் விட்டாள். பாதியில் மொயிங்கா அம்மாள் குழந்தையை மடியில் இழுத்து, அதன் கையைச் செம்பின் மேல் வைத்தார்.

“அப்பாவுக்கு ஊத்து கண்ணு. அப்பா நல்ல இடத்துல பொறக்கட்டும்.”

அவள் குழந்தையின் கையைப் பிடுங்கி எடுத்தாள். செம்பை அப்படியே கவிழ்த்தாள். கிண்ணம் நிரம்பிப் பாயில் ஓடியது.

“அவன் சாகல,” என்றாள். “நல்லாத்தான் இருப்பான்.”

ஓதுவது நிற்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்று மாலைக்குள் கட்டடம் முழுக்க, ஊர் எரிந்த வருஷத்தையும் பிள்ளையின் வயதையும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டது. மறுநாள் குழந்தை மாடிப்படியில் விளையாடப் போனபோது, மற்ற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். மொயிங்கா அம்மாள் மட்டும் என்னிடம் வந்து அழுதார். தனக்கு முன்பே சொல்லியிருக்கக்கூடாதா என்றார். யாருக்கும் எதுவும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டியவள் நான்.

மூன்றாம் நாள் அவள் துணியை மூட்டை கட்டினாள். நர்ஸம்மா நகரத்துக்கு வெளியே மாவ்பியில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை பிடித்துக் கொடுத்திருந்தார். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பஸ் வந்தது.

மழை முடிந்ததும் குழந்தைக்கு இரண்டு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் பாத்தியில் குனிந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், நிமிரவில்லை. தோட்டக்காரம்மாதான் தண்ணீர் கொடுத்துப் பேசினார். நல்ல வேலைக்காரி, பாவம், புருஷன் தாய்லாந்தில் இருக்கிறானாம், ஒரு தகவலும் இல்லையாம் என்றார்.

“பிள்ளதான் தினம் கேக்குது, அப்பா எப்ப வருவாருன்னு. பஸ் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுது.”

நான் வந்த பஸ்ஸுக்கும் ஓடி வந்திருந்தது. சட்டைகளை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.