கேட்காமல் போட்ட ஆமென்

மகள் படிக்கும் கிறிஸ்தவப் பள்ளியின் எச்.எம். மேடம், பெற்றோர் குரூப்பில் தினமும் காலையில் ஜெபமும் புத்திமதியுமாக ஒரு வாய்ஸ் போடுவார்.

எங்கள் வீட்டில் கிருத்திகை விரதம் தவறாது. இருந்தாலும் குரூப்பில் முதல் ஆமென் என்னுடையதுதான். வாய்ஸைக் கேட்டுவிட்டுப் போடுவதில்லை, அது வேறு விஷயம்.

இன்று மாலை திருத்தணி பஸ் ஸ்டாண்டு பழக்கடையில் மேடம் பிடித்துக்கொண்டார்.

"காலையில வாய்ஸ் கேட்டீங்களா?"

"ஆங், கேட்டேன் மேடம். அருமையான ஜெபம்."

"இன்னிக்கு ஜெபம் இல்லீங்க. உங்க புள்ள எதுக்குப் பயப்படுதுன்னு தெரியுமான்னு கேட்டிருந்தேன். அதுக்குத்தான் ஆமென் போட்டீங்க."

கையிலிருந்த கொய்யாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பரவாயில்லீங்க. இன்னிக்கு ஒரு நாள் மார்க்கை விட்டுட்டு இதை மட்டும் கேளுங்க. சொல்லுவா."

வீட்டுக்கு வந்து, சமையலறைக்கும் ஹாலுக்கும் நாலு நடை நடந்து, கடைசியில் கேட்டேன்.

"உனக்கு எதைக் கண்டாம்மா பயம்?"

கணக்கு போட்டுக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"எச்.எம். எதுனா சொன்னாங்களா நைனா?"

"இல்லம்மா" என்றேன். அவள் மறுபடி பேனாவை எடுத்தாள்; நான் மாடிப்படி ஏறிவிட்டேன்.

மொட்டை மாடியில் நடந்துகொண்டே இதை எழுதுகிறேன். கீழே இறங்கிப் போய் அடுத்து என்ன கேட்பது? பிள்ளை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

கமெண்டில் ஆமென் என்று மட்டும் போடுபவர்களை பிளாக் செய்துவிடுவேன்.