சுண்டலோடு போட்ட மாத்திரை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் சேர்ந்துவிட்டது. நடுவில் ஏதாவது விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் நவராத்திரியில், மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் நடந்தது. எனக்குக் கை நடுங்கும், கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரை போட்டால் உடம்பு இளகி நடந்துவிடுவேன். அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. கூச்சம்தான்.

அன்று சாயங்காலம் கொலுவுக்கு அழைத்த வீடுகளுக்கெல்லாம் போனேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் எல்லா வீட்டிலும் சுண்டல் சாப்பிட்டேன். கடைசியாகப் போனது மாடி வீடு. அங்கே மாத்திரை நேரம் வந்தது. யாரும் பார்க்காமல் சுண்டலோடு வாயில் போட்டுக்கொண்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பொம்மைகள் மெல்ல மூச்சுவிடுவதுபோல் இருந்தது. என் முகம் சிரிக்கவில்லை, கை அசையவில்லை. என்னையும் ஒரு படியில் வைத்துவிட்டார்கள் போலத் தோன்றியது. அது நன்றாகக்கூட இருந்தது. வீட்டுக்காரப் பெண் குங்குமம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டபோதுதான் பயம் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்தில் இருந்தவர் கீழ்வீட்டு பாய் வீட்டம்மா. அதுவரை அவரிடம் பேசியதில்லை.

"நீ மத்தவங்களுக்குக் குடு கண்ணு. நாங்க ரெண்டு பேரும் பொம்ம பாத்துக்கினு கீறோம்" என்றார். பிறகு என் காதோரம், "இன்னாக்கா, காலு ஒட்டிக்கிச்சா? எங்க வூட்டுக்காரருக்கும் இதேதான் இருந்துச்சு. மாத்திரைய எதோட போட்ட?"

சுண்டல் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"நல்லாப் போட்ட போ. சுண்டலு முந்திக்கினா மாத்திர எப்புடி வேல செய்யும்? கொஞ்ச நேரம் பாப்போம். இல்லாங்காட்டி மேல்படி காலியாத்தான் கீது, உன்னத் தூக்கி வெச்சிட்டு நான் வூட்டுக்குப் போறேன்."

உள்ளுக்குள் சிரித்தேன். முகத்தில் தெரிந்திருக்காது, ஆனாலும் அவருக்குப் புரிந்தது. என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்தார். கிணற்றில் தண்ணீர் ஊறுவதுபோல மெதுவாகக் கால் திரும்பி வந்தது.

டாக்டரிடம் கேட்டேன். பருப்பு, பயறு, பால் எல்லாம் சிலருக்கு இந்த மாத்திரையைத் தடுக்குமாம். சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இப்போதெல்லாம் சுண்டலைப் பொட்டலமாக வாங்கி வந்துவிடுகிறேன். ஏன் என்று கேட்டால் நோயையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை விவரத்தில் நான் தப்பாக எழுதியிருக்கலாம், தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த மடியின் சூடு மட்டும் எனக்கு மறக்கவில்லை.