பாலிதீன் கவர் கட்டிய ரூட்டர்

கொக்கிலமேட்டு பக்தவச்சலம் மாமல்லபுரத்தில் இருக்கும் என் கடைக்கு வந்து, இருப்பதிலேயே பெரிய ரூட்டராகக் கொடு என்றார். படகுக்கு இன்ஜின் வாங்குவதுபோல இதையும் வாங்க வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். தெருவிலிருந்து வரும் லைனை வாங்கிக்கொள்வது மோடம், அதை வீட்டுக்குள் பரப்புவது ரூட்டர். இரண்டும் சேர்ந்த பெட்டி ஆயிரத்து ஐநூறு முதல் கிடைக்கும். உள் அறைக்கு எட்டாவிட்டால் ரிப்பீட்டர், ஆயிரத்து இருநூறு; ஆனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்படிக் குறையக் கூடாது என்றால் மெஷ், இரண்டு மூன்று பெட்டிகள் கைகோத்து வேலை செய்யும். ஏழாயிரத்துக்குக் குறையாது, அதெல்லாம் மாடி வீட்டுக்காரர்களுக்கு.

மெஷ்ஷையே கொடு என்றார். அவர் வீட்டில் இருப்பது இரண்டே அறை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு படகையும் விற்றுவிட்டுத் தனியாக இருக்கிறார். மஸ்கட்டில் இருக்கும் மகள் சங்கவி ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாளாம்.

"துட்டு போனா போவுது தம்பி. பொண்ணு நாலு வார்த்த சேத்துப் பேசணும்."

நான் வியாபாரிதான், ஆனாலும் அந்த மனிதரின் தலையில் மெஷ்ஷைக் கட்ட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தால், அலமாரியில் இருந்த ரூட்டரைப் பாலிதீன் கவரில் போட்டு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். கடலுக்குப் போகும்போது செல்போனையும் தீப்பெட்டியையும் அப்படித்தானே கட்டுவார்கள். உப்புக்காற்றுக்குப் பயந்து இதையும் கட்டிவிட்டார். தொட்டால் கொதித்தது. மூச்சு முட்டினால் அது எப்படி வேலை செய்யும் என்று திட்டிக்கொண்டே அவிழ்த்தேன். சூடு தணிந்ததும் லைன் கண்ணாடி மாதிரி ஓடியது. புதுசாக எதுவும் வாங்க வேண்டாம் என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சங்கவி கூப்பிட்டாள். அவள் முகமும், பின்னால் சுவரில் இருந்த கடிகாரமும் பளிச்சென்று தெரிந்தன. சாப்பிட்டாயா என்று கேட்டாள், மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். இரண்டுக்கும் ஆமாம் என்றார். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு ஓகோ என்றாள். அப்புறம் இருவருக்கும் பேச எதுவும் இல்லை.

"லைன் வுட்டு வுட்டு வருது நைனா. வெச்சிடட்டா?"

அவள் பின்னால் கடிகாரத்தின் விநாடி முள் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"ஆமாம்மா, இங்கியும் அப்பிடித்தான் கீது. வெச்சிடு."

அந்தப் பெண்மேல் கோபப்படலாம் என்றால் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் போனை அலமாரியில் வைத்தார். பிறகு கீழே கிடந்த கவரை எடுத்து உதறி, ரூட்டரை உள்ளே போட்டுக் கயிற்றைச் சுற்றினார்.

முடிச்சு நழுவாமல் இருக்க ஒரு விரல் வேண்டியிருந்தது. நான் வைத்தேன்.