சூடேறாத கார்

ஸ்தோய்னாவின் இடது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பு உண்டு. பத்தொன்பது வயதில் வந்தது. அப்போது அவள் கூட்டுப்பண்ணையின் டிராக்டர் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தாள். கொதித்துக்கொண்டு வந்து நின்ற டிராக்டரின் ரேடியேட்டர் மூடியை, ஆறட்டும் என்று அவள் சொல்லச் சொல்லவே, ஓட்டிவந்தவன் துணியைச் சுற்றித் திருகிவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்றவள் பீறிட்ட கொதிநீரில் கை வெந்து ஆறு வாரம் கட்டுப்போட்டுக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பட்டறையைத் தொண்ணூறுகளில் இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். பூகோள வாத்தியாராக இருந்த அவள் கணவன் மெத்தோடி அதே சமயத்தில் பாதிரியாரானார். ரொடோப்பி மலையில் ஏழு கிராமங்களுக்கு அவர் ஒருவர்தான். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எதுவானாலும் மூன்றாம் கையாக வாங்கிய டீசல் காரில் ஏறி இறங்கினார். பாதிரியாரின் மனைவியை அங்கே பொபாதியா என்பார்கள். பொபாதியா என்றால் கோவிலுக்கு ரொட்டி சுடுவாள், மெழுகுவர்த்தி அடுக்குவாள் என்று எதிர்பார்ப்பார்கள். ஸ்தோய்னா அதையும் செய்தாள். மற்ற நேரத்தில் காருக்கு அடியில் கிடந்தாள். இதை ஊர் முதலில் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிவிட்டது.

அந்த வருஷம் ஜூலையில் அவர்கள் மகள் நெவேனாவுக்கு பிளோவ்திவ் நகரத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஸ்தோய்னா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏறும்போதும் காரைப் பற்றித்தான் பேச்சு.

"கூலன்ட் குறைஞ்சா டிக்கில இருக்கற பச்சைக் கேன்லேர்ந்து ஊத்து. வழியில ஊத்துத் தண்ணி வருதேன்னு அதப் பிடிச்சு ஊத்தாத. பூரா சுண்ணாம்பு."

"சரி."

"எல்லாத்துக்கும் சரிம்ப."

"சரி, இனிமே சரின்னு சொல்லமாட்டேன்."

பத்து நாளில் டிக்கியிலிருந்து கேன் இறங்கிவிட்டது. ஞானஸ்நானத் தொட்டி செம்பில் செய்தது, பெரியது. அதை வைத்தால் வேறு எதற்கும் இடமில்லை. அதற்கப்புறம் ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டபோதெல்லாம் மெத்தோடி சாலையோர ஊற்றில் நிறுத்தி, தண்ணீர் பிடித்து ஊற்றினார். மூன்று வாரத்தில் ஐந்து தடவை. ஆறாவது தடவை, பஸ் திரும்பும் இடத்தில், பானெட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அங்கே டயர் கடை வைத்திருந்த ராங்கெல் வந்து பார்த்தான். கார் ஆறியதும் இரண்டு போல்ட்டைக் கழற்றி, உள்ளிருந்து ஸ்பிரிங் வைத்த வட்டமான சாமான் ஒன்றை எடுத்துத் தூரப் போட்டான்.

"இது இல்லாமலே ஓடும் ஃபாதர். இனி உங்களுக்கு நிம்மதி."

உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது. முள் அப்புறம் ஏறவே இல்லை. ஸ்தோய்னா போனில் தினமும் கேட்பாள், கார் எப்படி என்று.

"கச்சிதமா ஓடுது. முள்ளு அடியவிட்டு அசையறதே இல்ல."

வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு வாக்கியத்திலேயே அவள் கோளாறைப் பிடித்திருப்பாள். ஆனால் இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தன.

ஜனவரி பாதியில் அவள் திரும்பி வந்தபோது மலையில் முழங்கால் அளவு பனி. மூன்றாம் நாள் அவரோடு காரில் கடைவீதிக்குப் போனாள். உள்ளே வாயைத் திறந்தால் புகை வந்தது.

"ஹீட்டர் போடலையா?"

"போட்டிருக்கேன். பழைய கார், ஸ்தோய்னா."

"முள்ளு ஏன் கீழயே கிடக்குது?"

"குளிர் அதிகம்ல."

சனிக்கிழமை பானெட்டைத் திறந்து பார்க்கவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு மேல்கிராமத்திலிருந்து ஸ்லாவ்காவின் போன் வந்தது. காட்டிலாகாவில் முப்பது வருஷம் இருந்த அவள் கணவர் வெலிச்கோவுக்கு மூச்சு ஒருமாதிரி இழுக்கிறதாம், டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னாராம். மெத்தோடி நற்கருணைப் பெட்டியைச் சட்டைக்குள் கழுத்தில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டுக்குக் கிளம்பினார். பதினாலு கிலோமீட்டர். பனியில் முக்கால் மணி ஆகும்.

அவர் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கோட்டைக் கழற்றாமல் சமையலறை பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்தோய்னா பீன்ஸ் சூப்பைச் சூடாக்கி வைத்தாள். அவர் ஸ்பூனைத் தொடவில்லை.

"நான் போய்ச் சேரறப்ப மூணு மணி. ரெண்டு இருபதுக்கே போயிட்டார்."

"மூணா?"

"கண்ணாடி உள்பக்கமே உறைஞ்சுபோச்சு. நூறு மீட்டருக்கு ஒருதரம் இறங்கி, ஏறி, சுரண்டிச் சுரண்டிப் போனேன். கல்குவாரி வளைவுல பாதையே தெரியல, ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கிருச்சு. டிராக்டர்காரன் வந்து இழுத்துவிடற வரைக்கும் அங்கதான் நின்னேன்."

கையுறையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"ரெண்டு தடவ கேட்டாராம், ஃபாதர் கிளம்பிட்டாரான்னு. கிளம்பிட்டாருன்னு ஸ்லாவ்கா சொல்லிருக்கா."

ஸ்தோய்னா எதிரில் உட்கார்ந்தாள். அவள் கேட்காமலே அவர் மற்றதையும் சொன்னார். ஊற்றுத் தண்ணீர், ஆவி, ராங்கெல், அந்த வட்டமான சாமான். மற்றவர்களின் பாவத்தை வாரம் தவறாமல் கேட்கிறவர், தன்னுடையதைச் சொல்லும்போது வார்த்தைக்கு அலைந்தார்.

"எப்ப எடுத்தான்?"

"ஆகஸ்ட் கடைசில."

"அஞ்சு மாசம். என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வேணாம்னு சொன்ன தண்ணிய ஊத்தினேன்ல. அதான்."

அவளுக்குக் கோபம் ஏறியது. கத்துவதற்கு வாய்வரை வார்த்தை வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஏற்கெனவே வாங்கவேண்டிய அடியை எல்லாம் வாங்கிவிட்டவராகத் தெரிந்தார். அவள் கத்தவில்லை. "சூப்பக் குடி, ஆறிடும்" என்று எழுந்துபோனாள். 

காலையில் காரைக் கிளப்பி, பானெட்டைத் திறந்து, இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஓடும் மேல்ஹோஸைப் பிடித்துப் பார்த்தாள். குளிர்ந்த இஞ்சினில் அது வெகுநேரம் சில்லென்று இருக்கவேண்டும். ராங்கெல் கழற்றிப்போட்ட வட்டச் சாமான்தான் தெர்மோஸ்டாட்; இஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை அது வழியை மூடிவைத்திருக்கும், ஏறியபின்தான் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும். இங்கே கிளப்பிய நிமிஷத்திலேயே ஹோஸுக்குள் தண்ணீர் ஓடுவது கைக்குத் தெரிந்தது. கொஞ்சம் சேர்கிற சூட்டையும் ரேடியேட்டர் உடனுக்குடன் பனிக்காற்றில் விட்டுக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து விரலை விட்டாள். துருவும் சேறுமாக, டீ டிகாஷன் நிறத்தில் வந்தது.

அடக்கத்துக்கு மெத்தோடி காட்டிலாகா ஜீப்பில் போய்வந்தார். ஸ்தோய்னா ராங்கெலின் கடைக்கு நடந்தே போனாள்.

"ஏண்டா ராங்கெல், ஃபாதர் காருல கைய வச்சியா?"

"கொதிச்சது, நிறுத்திக் குடுத்தேன் பொபாதியா. அதுக்கு ஒரு காசு வாங்கல."

"சுண்ணாம்பு ஏறிக் கதவு இறுகிக்கிச்சு. நீ கதவையே பேத்தெடுத்துப் போட்டுட்ட. கோடைக்குச் சரி. குளிருக்கு அந்த வீட்ல எவன் உக்காருவான்?"

"எங்கப்பா எல்லா வண்டிக்கும் இப்படித்தான் செய்வாரு."

"உங்கப்பா ஓட்டினது மணல் லாரி. கடலோரத்துல."

பிறகு வெலிச்கோ விஷயத்தைச் சொன்னாள். ராங்கெல் கையிலிருந்த டயர் லிவரைக் கீழே வைத்தான். "எனக்குத் தெரியாது" என்றான், மெல்ல. "உனக்குத் தெரியாதுன்னுதான் சொல்ல வந்தேன்" என்று திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் டவுனுக்குப் போனார்கள். உதிரிபாகக் கடைக்காரன் பிளாமென் அங்கியையும் தாடியையும் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"சொல்லுங்க ஃபாதர், வண்டிக்கு என்ன பிரச்சினை?"

"அவங்களக் கேளுங்க" என்றார் மெத்தோடி.

ஸ்தோய்னா வண்டி வருஷம், இஞ்சின் அளவு, எண்பத்தேழு டிகிரியில் திறக்கிற தெர்மோஸ்டாட், கூடவே ரப்பர் வளையம், ஐந்து லிட்டர் கூலன்ட் என்று ஒரே மூச்சில் சொன்னாள். பிளாமென் அதற்கப்புறமும் பாதிரியார் முகத்தைப் பார்த்தே பொருளை எடுத்துவைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சூப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, புது தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிட்டாள். ஜாம் காய்ச்சும் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் நட்டாள். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. நடுவிலிருந்த தகடு அசையவில்லை.

"இப்ப என்ன ஆகணும்?" மெத்தோடி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"திறக்கணும். திறக்கல. இத மாட்டியிருந்தா முதல் ஏத்தத்துலயே கொதிச்சிருக்கும்."

"புதுசாச்சே."

"புதுசுதான். உதவாது."

மறுநாள் அவள் தனியாகப் போனாள். பிளாமென் நம்பவில்லை. புதுசில் கோளாறு வராது, மாட்டத் தெரியாமல் மாட்டியிருப்பீர்கள் என்றான். ஸ்தோய்னா கல்லா ஓரத்தில் அவன் காபி போடும் அடுப்பைப் பார்த்தாள்.

"அந்தக் கெண்டியக் குடு."

கடையில் நின்ற நாலைந்து பேர் சுற்றிக் கூடிவிட்டார்கள். முந்தின நாள் வாங்கியதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். அது போட்டபடியே கிடந்தது. கடையிலிருந்த வேறொன்றைப் போட்டாள். சற்று நேரத்தில் தகடு மெதுவாக விலகி, நகம் நுழையும் அளவு வாய் திறந்தது.

"இதுதான் வேணும்."

"நீங்க எங்க வேல பாத்தீங்கம்மா?" என்றான் பிளாமென். அப்போதுதான் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

புதன்கிழமை வெயில் அடித்தது. விறகுக் கொட்டகை முன்னால் காரை நிறுத்தி, ஆறிய இஞ்சினின் கீழ்ஹோஸைக் கழற்றி, பழுப்புத் தண்ணீரை வாளியில் பிடித்தாள். கூலன்ட் கலந்தது இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும் என்று வாளியை உடனே மூடினாள். ஊறுகாய்க்கு வைத்திருந்த, சுண்ணாம்பைக் கரைக்கும் எலுமிச்சை உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, அரைமணி இஞ்சினை ஓடவிட்டாள். ஆறவிட்டு இறக்கியபோது செங்கல் பொடியாகக் கொட்டியது. இரண்டு தடவை நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் தெளிந்தது. பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி, ஸ்பிரிங் இஞ்சின் பக்கம் பார்க்க தெர்மோஸ்டாட்டை வைத்து, புது வளையத்தைப் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி. உள்ளே காற்று நின்றால் ஹீட்டர் வேலை செய்யாது; அதனால் கோவில் மேட்டில் காரின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போடச் சொன்னாள். மெத்தோடி உள்ளே உட்கார்ந்து முள்ளைப் படித்தார். அவள் ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழ்களை வெளியேற்றினாள்.

"இப்ப நாலுல ஒண்ணு. இப்பப் பாதி."

மேல்ஹோஸ் அதுவரை சில்லென்றிருந்தது. அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். திடீரென்று கைக்குள் சூடு ஓடியது. திறந்துவிட்டது.

"நின்னுருச்சு. நட்டநடுவுல நிக்குது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வெள்ளிக்கிழமை வெலிச்கோவுக்கு ஒன்பதாம் நாள் பிரார்த்தனை. இரண்டு பேரும் கிளம்பினார்கள். கல்குவாரி வளைவுக்கு வரும்போது மெத்தோடி கோட்டு பொத்தானைக் கழற்றியிருந்தார். கண்ணாடி துடைத்தது போலத் தெளிவாக இருந்தது. அந்த இடத்தில் அவர் வேகத்தைக் குறைத்தார்.

பிரார்த்தனை முடிந்து மற்றவர்கள் போனபின் அவர் ஸ்லாவ்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பனி மேல் பழி போடவில்லை.

"காரு மேல தப்பில்லம்மா. நான் சொல்லவேண்டியத சொல்லாம மறைச்சேன். அதான் நேரத்துக்கு வரமுடியல."

ஸ்லாவ்கா மேஜைமேல் சிந்தியிருந்த சர்க்கரையைக் கையால் கூட்டினாள். ஸ்தோய்னாவைப் பார்த்தாள், பிறகு அவரை.

"அவரா இருந்தா உங்களத் திட்டியிருப்பாரு. எனக்குத் திட்ட வரல. ஆனா மனசு ஆறல ஃபாதர். ஆறினா சொல்றேன்."

"சரிம்மா."

"கோதுமை எடுத்துக்கங்க ரெண்டு பேரும். அவருக்காக வேகவச்சது."

சாப்பிட்டார்கள். ஸ்லாவ்கா அதற்குப் பிறகு இரண்டு மாதம் கோவில் பக்கம் வரவில்லை. நாற்பதாம் நாள் பிரார்த்தனையைக்கூட வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். மெத்தோடி போனார், செய்தார், வந்தார். ராங்கெல் ஒருநாள் மாலை வாசலில் நின்று, தான் இதேபோல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய மற்ற வண்டிகளில் மூன்றுக்குப் புதிதாக மாட்டிவிட்டதாகவும், ஒன்றில் மட்டும் ஹீட்டர் வரவில்லை என்றும் சொன்னான். "மூக்க மேட்டுல வச்சுக் காத்த எடு" என்று ஜன்னலிலிருந்தே சொல்லி அனுப்பினாள் ஸ்தோய்னா.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் போன் அடித்தது. ஸ்தோய்னாதான் எடுத்தாள்.

"நாளைக்கு பஸ் இல்லயாம்" என்றாள் ஸ்லாவ்கா. "ஃபாதர் மேல வந்து கூட்டிட்டுப் போவாரான்னு கேளு."

காலை எட்டு மணிக்கெல்லாம் இருவரும் அங்கே இருந்தார்கள். மலையில் இன்னும் குளிர் விடவில்லை. ஸ்தோய்னா பின்சீட்டுக்கு மாறிக்கொண்டு ஸ்லாவ்காவை முன்னால் உட்காரவைத்தாள். அவள் கறுப்புத் துணியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, மடியில் குருத்தோலைக்குப் பதிலான வில்லோ கிளைகளோடு, பாதித் தூரம் வந்தாள். பிறகு துணியைத் தளர்த்தினாள்.

"கொஞ்சம் குறைங்க ஃபாதர். வேர்க்குது."

மெத்தோடி ஹீட்டரைக் குறைத்தார்.