ஐம்பது நிமிடத் தண்ணீர்

வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் மதகக்கா அதன் சக்கரத்தைத் திருப்புவதைப் பார்த்தவர்கள், வேண்டாதவர் கழுத்தைத் திருகுவதுபோல இருக்கிறதே என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்தே அந்தச் சக்கரத்துக்கு அவள் மனதில் ஒரு கழுத்து உண்டு. அதற்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு முகமும் உண்டு.

அணையிலிருந்து வரும் பெரிய கால்வாய் அவளுடைய ஒற்றை அறைக் கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நகரத்துக் குழாய்களுக்குப் போகும் கான்கிரீட் வழி, மற்றது வயல்களுக்குப் போகும் மண் வாய்க்கால். சுவரில் கடிகாரம், மேசைமேல் பதிவேடு, ஆணியில் மாட்டிய விதிப்புத்தகம். எந்த வயலுக்கு எந்தக் கிழமை எத்தனை நிமிடம் என்று பார்த்துத் திறப்பாள், மூடுவாள். மற்ற நேரமெல்லாம் தண்ணீர் நகரத்துக்கு.

வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் ஆறு வயல்கள், ஆறு கிழமைகள். ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு ஐம்பது நிமிடம். அதில் ஒரு வயலில்தான் அவளும் அவள் கணவரும் எலுமிச்சை வைத்திருந்தார்கள். மதகிலிருந்து அங்கே தண்ணீர் போய்ச் சேர நாற்பது நிமிடம் பிடிக்கும். காய்ந்த மண் குடிக்கும், எலி வளை குடிக்கும், அவையெல்லாம் வயிறு நிறைந்த பிறகே தண்ணீர் நகரும். அதனால் பழைய வழக்கத்தில், தண்ணீர் வயல் வாசலைத் தொட்ட பிறகுதான் ஐம்பது நிமிடத்தை எண்ண ஆரம்பிப்பார்கள். முன்னால் போகிற நாற்பதுக்கு நடை நேரம் என்று பெயர். அது யார் பங்கிலும் சேராது.

நகரம் பெருத்துக்கொண்டே போனது. தண்ணீரை மிச்சம் பிடிக்க ஒரு இன்ஜினியர் வந்தார். நடை நேரத்தை அளந்தார். கடைமடைக்கு நடந்து போய் அல்ல. அலுவலகத்துக்குப் பின்னால் மாதிரிக்காகக் கட்டிவைத்திருந்த சிமெண்ட் வாய்க்காலில். அதில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. பெருக்கிப் பார்த்தார், பத்து நிமிடம் என்று வந்தது. பத்து நிமிடமெல்லாம் ஒரு பொருட்டா என்று விதிப்புத்தகத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். கீழே எழுதினார்: ‘சக்கரம் திரும்பிய நொடியிலிருந்து நேரம் கணக்கிடப்படும். மூடியதும் வாய்க்காலில் மீதமுள்ள நீர் நடுமதகு வழியாக நகரக் குளத்துக்குத் திருப்பப்படும்.’

அன்றிலிருந்து அவருக்குச் சிவப்பு மை என்றே பெயர்.

கடைமடைக்காரர்களுக்கு ஐம்பது பத்தானது. இரண்டே கோடையில் எலுமிச்சை மரங்கள் விறகாயின. கணவர் நகரத்தில் கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போனார். “நம்ம தண்ணி கார் கழுவுது, நான் துடைக்கத் துணி பிடிக்கிறேன். குடும்பமா ஒரே இடத்துல வேலை பாக்கிறோம்னு வெச்சுக்கோ” என்று சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. மதகு வேலை காலியானதும் முதல் ஆளாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். புத்தகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்தாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது.

இந்தக் கோடையில் தெரிந்தது. ஓய்வு பெற்ற சிவப்பு மை கடைமடையில், அவள் நிலத்துக்கு அடுத்த வயலை வாங்கி, நூற்று இருபது மாதுளங்கன்று நட்டார். வாரத்துக்கு ஐம்பது நிமிடத் தண்ணீர் உரிமை என்று காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதத்தை எழுதியவரே அதை நம்பாவிட்டால் வேறு யார் நம்புவது?

முதல் வாரம் பத்து நிமிடத் தண்ணீர் கிடைத்ததும், வழியில் யாரோ திருடுகிறார்கள் என்று சண்டைக்கு வந்தார். இரண்டாம் வாரம் குடையும் கைக்கடிகாரமுமாக வந்து, அவள் சக்கரத்தைத் திருப்பியதும் தண்ணீரின் முனையோடு கரையில் நடந்தார். அவள் வாசலில் நின்று பார்த்தாள். இருபது அடி போவார், தண்ணீர் பின்தங்கிவிடும். நின்று திரும்பிப் பார்ப்பார். மண் உறிஞ்சி முடித்து அது ஊர்ந்து வரும். மறுபடி நடப்பார். விதி மாறிய இந்தப் பதினோரு வருடத்தில் இப்படியொரு வேடிக்கையை அவள் பார்த்ததில்லை.

வெயிலில் சிவந்துபோய்த் திரும்பி வந்தார்.

“ஏம்மா, நாப்பத்தோரு நிமிஷம் ஆகுது!”

“அப்படியா சார்? பத்துன்னுதானே கணக்கு?”

“ஒரு அரை மணி சேர்த்து விட்டா யாருக்கும்மா தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும் சார். விதி எழுதினவருக்கும் தெரியும்.” புத்தகத்தை ஆணியிலிருந்து எடுத்து, அவருடைய கையெழுத்தையே அவரிடம் காட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள். “என்னைத் தெரியுதா சார்?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். “ஆபீஸ்ல பார்த்திருக்கேனோ?”

எத்தனையோ தடவை இவர் மேசை முன்னால் போய் நின்றிருக்கிறாள். ஒரு தடவை வாடிய எலுமிச்சைக் கிளையை அந்த மேசைமேலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். எதுவும் அவர் நினைவில் இல்லை. அதுவரை இருந்த கோபம் பழைய கோபம். இப்போது புதிதாக ஒன்று மூண்டது.

“விதி மாறணும்னா ஒரே வழிதான் சார். இந்த மாசக் கடைசிக்குள்ள மறுபரிசீலனைக்கு மனு வாங்குறாங்க. அளந்தவரே எழுதிக் கொடுத்தா உடனே மாத்திடுவோம்னு குமாஸ்தா சொல்றார்.”

“முப்பத்தாறு வருஷ சர்வீஸ். தப்பா அளந்தேன்னு என் கையாலேயே எழுதணுமா?”

“அவசரமில்ல சார். யோசிச்சுச் சொல்லுங்க.”

அடுத்த முறையும் பத்தே நிமிடம்தான். ஐம்பதாவது நிமிடத்தில் மூடினாள், கொட்டகைச் சுவரில் இருந்த நடுமதகின் சுவிட்சைப் போட்டாள், மிச்சம் நகரத்துக்குப் போனது. சிவப்பு மை தன் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைக் கேன் கேனாகக் காரில் ஏற்றிக்கொண்டு கன்றுகளுக்கு வந்தார். மதகுத் தண்ணீர் நகரம் வரைக்கும் போய்விட்டு டிக்கியில் திரும்பி வருகிறது! அதைப் பார்த்த அன்று அவள் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நான்காம் நாள் அவர் கடிதத்தோடு வந்தார். அவள் நின்றபடியே படித்தாள்.

“‘கவனக்குறைவு’ன்னு எழுதியிருக்கீங்க சார். ‘தப்பு’ன்னு போடுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணுதான்னா மாத்திடுங்களேன் சார்.”

அவளுடைய மேசையிலேயே உட்கார்ந்து மறுபடி எழுதினார். “நானே ஆபீஸ்ல கொடுத்துடறேன் சார், தினமும் பதிவேட்டோட போற வழிதான்” என்று வாங்கித் தகரப் பெட்டியில் வைத்தாள். மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வார விடுமுறைக்கு வந்த கணவர் சோப்பு எடுக்கப் பெட்டியைத் திறந்து, கடிதத்தோடு வெளியே வந்தார்.

“இது இன்னும் இங்க என்ன பண்ணுது?”

“கடைசி நாள் கொடுக்கிறேன்.”

“ஏன்?”

“அதுக்குள்ள அவருக்கு இன்னும் ரெண்டு முறை வருது.”

“மத்த வயல்காரங்க உனக்கு என்ன பண்ணாங்க? நம்ம நிலமும் சேர்ந்துதானே காயுது?”

“பதினோரு வருஷம் காஞ்சாச்சு. பன்னெண்டு நாள்ல ஒண்ணும் கெட்டுப்போகாது.”

“உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?” கடிதத்தை இருந்த இடத்தில் வைத்தார். “ஆனா விதி மாறினா நீ திருப்பி எடுக்கப்போற தண்ணி என் ரூம் பக்கெட்லேருந்துதான். அதை ஞாபகம் வெச்சுக்கோ. இப்பவே எங்க குழாய்ல தண்ணி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்.”

“ஒரு வேளை குளிக்காம இருங்க. கார் என்ன, மோந்தா பாக்கப்போகுது?”

கடைசி நாள் மாலை, அலுவலகம் மூட அரை மணி இருக்கும்போது கடிதத்தைக் கொடுத்தாள். “இதை முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமேம்மா!” என்றார் குமாஸ்தா. மறுவாரமே விதி மாறிவிட்டது. அடித்த வரி மீண்டும் அச்சேறி வந்தது. நடுமதகு பற்றிய வரி போயிருந்தது.

புது விதியின் முதல் முறை சிவப்பு மையுடையதாகவே அமைந்தது. அவள் சக்கரத்தைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தாள். நாற்பத்திரண்டாவது நிமிடம் போன் வந்தது.

“வந்துருச்சும்மா! வாசலைத் தொட்டுருச்சு!”

கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினாள். “கன்னுங்க எத்தனை சார் இருக்கு?”

“முப்பத்தொண்ணு. போனது போகட்டும், இதாவது பொழைச்சதே. உனக்குத்தான்மா நன்றி சொல்லணும்.”

இந்த நன்றியை அவள் எதிர்பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் போனால் அவள் செய்தது பாதிதான் செய்ததாகும்.

“நன்றியெல்லாம் வேணாம் சார். உங்க லெட்டரைப் பன்னெண்டு நாள் பெட்டியிலயே வெச்சிருந்தேன். வேணும்னேதான்.”



“எதுக்கும்மா?”

“எலுமிச்சைக்கு.”

“எந்த எலுமிச்சை?”

“பக்கத்து வயலுக்குப் போய்ப் பாருங்க சார். அடிக்கட்டைங்க இன்னும் நிக்குது. எத்தனைன்னு எண்ணிட்டுச் சொல்லுங்க.”

அவர் போனை வைக்கவில்லை. செருப்பு சேற்றிலிருந்து பிரியும் சத்தம் வந்தது, பிறகு காய்ந்த சருகு மிதிபடும் சத்தம். ஒன்று, இரண்டு என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டாள். நூற்று அறுபதைத் தாண்டியும் எண்ணிக்கை நிற்கவில்லை. “இருநூறு” என்றார் கடைசியில். அவள் போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐம்பது நிமிடம் முடிந்தது. ஒரு நொடி முன்பின் இல்லாமல் சக்கரத்தைத் திருப்பி மூடினாள். நடுமதகின் சுவிட்சை இனி யாரும் போட வேண்டியதில்லை. அதன்மேல் துண்டை மாட்டினாள். நாளைக்கு அவர்கள் நிலத்தின் முறை.