அபூசாலி நானாவின் பங்கு

ஊசியை இடக்கையில் நிமிர்த்திப் பிடித்து, நூல் நுனியை நாக்கில் ஒரு தடவை தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே குத்தில் கோத்துவிடுவார் அபூசாலி. கோத்த பிறகு ஊசியைப் பார்க்கமாட்டார். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். அந்த முகத்தில் வியப்பு இல்லையென்றால் நூலை உருவி எடுத்துவிட்டு இன்னொரு தடவை கோத்துக் காட்டுவார்.

புத்தளம் கடைத்தெருவில் அவருடைய தையல்கடை ஒரு கதவு அகலம்தான். மெஷினைப் போட்டு, வெட்டுப் பலகையைப் போட்டால் மிச்சம் இருப்பது அவர் உட்காரும் இடம் மட்டும். பொழுது சாய்ந்து கடற்களப்புப் பக்கமிருந்து வரும் வெளிச்சம் மங்கினாலும் விளக்கை ஏற்றுவதற்கு அவசரப்படமாட்டார். பக்கத்து வீட்டுப் பளீலா தலையணை உறை தைக்கிற ஊசிகளை ஒரு துண்டுத் துணியில் குத்தி எடுத்துக்கொண்டு வருவாள். "நானா, இதுகளக் கொஞ்சம் கோத்துத் தாங்க, எனக்குத் தெரியுதில்ல" என்பாள். அவளுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "என்ட கண்ணுக்கு அல்லா நல்லா சாணை புடிச்சி விட்டிரிக்கான் புள்ள" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கோத்துக் கொடுப்பார்.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அவர் கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ஆட்டுக்குட்டியை மிதிப்பார். தெருவின் நடுவால்தான் நடப்பார். மாட்டுவண்டிக்காரன் கத்தினால் திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் நிற்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் முழங்காலில் உட்காரும் மரவாங்கு இடிக்கும். "ஆரு இந்த வாங்க இஞ்ச இழுத்துப் போட்ட?" என்று சத்தம் போடுவார். கலியாணமான நாள் தொட்டு அந்த வாங்கு அதே சுவரோரம்தான் கிடக்கிறது. மனைவி ஜுனைதா அவருடைய முழங்காலுக்கு எண்ணெய் தடவிவிடுவாள்.

உப்பு வியாபாரி ஜபார் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் கைகொடுத்து முஸாபஹா செய்ய இரண்டு கையையும் நீட்டினார். அபூசாலி நேரே பார்த்தபடி அவரைக் கடந்து போய்விட்டார். நீட்டிய கை நீட்டியபடி நிற்க, சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். "டைலர் நானா பெரிய ஆளாகிட்டார். நம்மட கையில உப்பு ஒட்டியிரிக்குமெண்டு பயம் போல" என்றார் ஜபார். அந்தக் கதை பாலாவி உப்பளம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அபூசாலிக்கு அதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. எப்போது ஜபார் கை நீட்டினார்? மனிதர்கள் ஏன் இப்படிப் பொய் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்? ஆடு குறுக்கே வருகிறது, வாங்கு இடம் மாறுகிறது, ஊரார் இல்லாததைச் சொல்கிறார்கள். ஊர்தான் ஒழுங்கு கெட்டுப்போனதென்று அவர் உண்மையாகவே நம்பினார்.

உலகச் சண்டை முடிந்து அடுத்த வருஷம். அரிசியும் துணியும் இன்னும் பங்கீட்டுக் கூப்பனுக்குத்தான் கிடைத்தன. கண் நோய் வருத்தங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து ஆஸ்பத்திரி விறாந்தையில் இடம் பிடித்திருந்தார். கரையோரத்துச் சனங்களில் எத்தனை பேருக்குக் கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடியிருக்கிறது, மருந்து எவ்வளவு தூரம் பிடிக்கிறது, சத்திரசிகிச்சை யாருக்கு வேண்டும், பார்வை குறைந்தவர்கள் எப்படிச் சீவிக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். பார்வையைச் சோதிப்பதற்கு அவர் கொண்டுவந்த பெரிய கறுப்புத் துணி ரயிலில் கிழிந்துவிட்டது. தைக்க ஆள் வேண்டுமென்று கேட்டபோது அபூசாலியைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கறுப்புத் துணியில் கறுப்பு நூல். விறாந்தை ஓரத்தில் உட்கார்ந்து கிழிசல் இருந்த இடமே தெரியாமல் தைத்துக் கொடுத்தார். டொக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கண்தான் உங்களுக்கு" என்றார். அபூசாலி அவருடைய முகத்தைப் பார்த்தார், வியப்பு இருந்தது. துணியைச் சுவரில் தொங்கவிட்டதும், "ஒருக்கா இருங்கோ, இது சுருக்கமில்லாமல் கிடக்குதோ எண்டு உங்களை வைச்சே பாப்பம்" என்று கதிரையில் உட்காரச் சொன்னார் டொக்டர். ஒரு கண்ணைத் துணியால் மூடினார். "நடுவில இருக்கிற பொட்டை மட்டும் பாருங்கோ. வெளியில இருந்து ஒரு வெள்ளை மணி வரும். தெரிஞ்ச உடன சொல்லுங்கோ."

அபூசாலி பொட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். விறாந்தை வாங்கில் இருந்த நோயாளிகளும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நேரம் போயிற்று.

"இன்னும் துவங்கல்லயா டாக்குத்தர்?" என்று கேட்டார்.

கறுப்புக் கோலின் நுனியில் வெள்ளை மணியை வைத்துக்கொண்டு துணியின் பாதியை அதற்குள் டொக்டர் சுற்றி வந்திருந்தார்.

பிறகுதான் குண்டூசிகளைக் குத்தினார், மணி தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் ஒன்று. மற்றக் கண்ணுக்கும் அப்படியே. கண்ணில் மரத்துப்போகும் மருந்து விட்டு, கருமணியின் மேல் அழுத்தம் அளக்கும் ஒரு சின்ன இரும்புக் கருவியை நிறுத்தியும் பார்த்தார். எல்லாம் முடிந்து எழும்பிய அபூசாலி துணிக்குக் கிட்டப் போனார். ஆள் உயரத் துணியில் குண்டூசிகள் ஒரு சின்ன வட்டமாய் நின்றன. அந்த அளவு அவருக்குப் பழக்கமானது. சின்னப் பிள்ளையின் சட்டைக்குக் கழுத்து வெட்டுகிற அளவு.

"இந்த வட்டத்துக்கு வெளியால உங்களுக்கு ஒண்டும் தெரியேல்ல" என்றார் டொக்டர்.

"இருட்டாத் தெரியணுமே? எனக்கு எங்கயும் இருட்டா இல்லயே?"

"இருட்டாத் தெரியாது. அங்க ஒண்டுமே இல்லையெண்டு கண் நினைச்சுக்கொள்ளும். அதுதான் இந்த வருத்தத்தின்ர பொல்லாப்பு. போனது திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாத்த ஒவ்வொரு நாளும் மருந்து விடவேணும். இல்லாட்டில் கொழும்புக்கு வந்து ஒப்பரேசன் செய்யவேணும். கவனிக்காமல் விட்டால் நடுவும் போயிடும்."

ஆட்டுக்குட்டியும் வாங்கும் ஜபாரின் நீட்டிய கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குள் வந்து நின்றன. இதுவரை ஊரில் நடந்ததெல்லாம் தன் கண்ணுக்குள் நடந்ததா?

டொக்டர் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டார். "நடக்கேக்க, வேலை செய்யேக்க, சாப்பிடேக்க என்ன கரைச்சல் இருக்கு? மறைக்காமல் சொல்லுங்கோ. இதை அறியத்தான் வந்தனான்." இவ்வளவு அக்கறையாக அவருடைய சீவியத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தார். அப்போது விறாந்தை வாங்கிலிருந்து ஒருவர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தச் சின்ன வட்டத்துக்குள் அகப்பட்டது. தன் மகளின் கலியாணத்துக்குத் துணி தைக்கக் கொடுத்திருந்த தாஹிர்.

"ஒரு கரைச்சலும் இல்ல டாக்குத்தர். அல்லா காவல், நல்லாத்தான் இரிக்கன்" என்றார் அபூசாலி, தாஹிருக்கும் கேட்கும்படி.

மருந்துப் போத்தலை வாங்கிவந்து சில நாள் விட்டுப் பார்த்தார். விட்டதும் புருவத்துக்கு மேலே ஆணி அடிப்பதுபோல் வலித்தது. நடுப்பகலில் கடைக்குள் மாலை வந்து இறங்கியது. பளீலா ஊசிகளோடு வந்து நின்றபோது நூல் ஊசியின் பக்கத்தால் போனது. மறுபடியும் பக்கத்தால் போனது. "ஊசி துருப் புடிச்சிரிக்கி, வேற கொண்டு வாங்க" என்று அவளை அனுப்பிவிட்டார். அன்றைக்கே போத்தலை அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார்.

"டாக்குத்தர் செல்லித்தானே தந்த? ஏன் விடுறல்ல?" என்று ஜுனைதா கேட்டாள்.

"வருத்தம் என்ட ஓரத்தத்தான் திண்டுது. மருந்து நடுவையே திண்டுது. நடுவில்லாம நான் என்னத்தத் தைக்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆருக்கிட்டயும் வாய் தொறந்திராதீங்க. கூப்பனுக்கு வாங்கின துணியக் கண்ணு தெரியாதவன்ட கையில ஆரு குடுப்பான்?" என்றார்.

அவள் வாய் திறக்கவில்லை.

தாஹிரின் வீட்டுக் கலியாணத்தில் ஆறு பேருக்கு ஒரு சகன். பெரிய தட்டில் நெய்ச்சோறு, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பொரித்த கோழித்துண்டு. கூப்பன் காலத்தில் ஆளுக்கு ஒரு துண்டு வைப்பதே பெரிய காரியம். ஒரே சகனில் உண்டாலும் அவரவர் முன்னால் இருப்பதுதான் அவரவர் பங்கு. கை அடுத்தவர் பக்கம் போகாது. இது யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கிற விஷயமல்ல. அபூசாலி தன் துண்டைத் தின்று முடித்து, பக்கத்தில் இருந்தவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு கீழே பார்த்தார். அந்த வட்டத்துக்குள் ஒரு கோழித்துண்டு தெரிந்தது. அதைச் சுற்றியிருந்த தட்டு தெரியவில்லை. அது யார் முன்னால் இருக்கிறதென்பதும் தெரியவில்லை. இன்னொரு துண்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து எடுத்துக் கடித்தார்.

சகனில் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.

"பரவால்ல, தின்னுங்க நானா" என்றார் ஜபார். அவருடைய துண்டு அது. "கை குடுக்கத்தான் ஒங்களுக்கு மனமில்ல. கோழியெடுக்க மனம் தாராளமா இரிக்கி!"

சிரிப்பு பக்கத்துச் சகன்களுக்கும் பரவியது. கடித்ததை விழுங்குவதா, துப்புவதா? அபூசாலி விழுங்கினார். "பசி ஜபார், நல்ல பசி" என்று தானும் சிரித்தார். அப்படிச் சொன்னது அவருடைய வாய்தான். குருடன் என்ற பேரைவிடப் பெருந்தீனிக்காரன் என்ற பேர் மலிவானது, கடையை மூடவைக்காது என்று அந்தக் கணத்தில் அவருடைய மனம் கணக்குப் போட்டுவிட்டது.

பேர் வளர்ந்தது. அவர் வந்து உட்கார்ந்தால், "துண்டப் பத்திரமா வையுங்கடா" என்று யாராவது சொல்வார்கள். அவர் சிரிப்பார். துணிகள் வந்துகொண்டிருந்தன. ஊசியும் ஒரே குத்தில் நூலை வாங்கிக்கொண்டிருந்தது. வெட்கம் தனக்கு மட்டும்தானே, சுமந்துவிடலாம் என்று அவர் நினைத்திருந்தார்.

அது அப்படியில்லை என்று பளீலாதான் சொன்னாள். கோத்த ஊசிகளை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"நானா, செல்லக்கூடாது, ஆனா செல்றன். தாஹிர் ஊட்டுக் கலியாணத்தில பொம்புளயளுக்குள்ள ஜுனைதா ராத்தாவப் புடிச்சிக் கேட்டாங்க. 'புருசனுக்கு ஊட்டில சோறு போடுறல்லயா? ஊர்ச் சகன்ல வந்து அள்ளுறாரே' எண்டு. அவ ஒண்டும் பேசல்ல. தட்டில வெச்ச வட்டிலப்பத்தத் தொடாம எழும்பி வந்துட்டா. அதுக்குப் பொறகு ஒரு விசேசத்துக்கும் போறல்ல, தெரியாதா ஒங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. ஜுனைதா எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்ததை அவர் பார்த்தார்தான். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுடைய பேர் தப்பியிருக்கும். வாய் திறக்காதே என்று அவர் சொன்னதற்காக அவள் திறக்கவில்லை. அவள் சமைத்த சோற்றை வயிறு நிறையத் தின்றுவிட்டு, அவளைப் பட்டினி போடுகிறவளாக்கிவிட்டு, இவர் ஊருக்கு ஊசி கோத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் பள்ளிவாசலில் கந்தூரி விருந்து. அபூசாலி சகன்களுக்கு நடுவே ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு போனார். ஜபார் இருந்த சகனில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எதிரே பாயிஸ், அடுத்த மாதம் மாப்பிள்ளையாகப் போகிறவன், கோட்டுத் துணியைக் கடையில் கொடுத்துவைத்திருந்தான்.

"இண்டைக்கி என்ட துண்டுக்கு நானே காவல்" என்று ஜபார் தன் கோழித்துண்டின் மேல் கையைக் கவிழ்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அபூசாலி சிரிக்கவில்லை. "ஜபார், என்ட கண்ணில ஓரம் செத்துப் போச்சி" என்றார். "டாக்குத்தர் பாத்துச் சென்ன. நடுவில இத்தினி ஓட்டதான் இரிக்கி. அண்டைக்கி அது ஒங்கட துண்டுண்டு எனக்குத் தெரியல்ல. பள்ளிப் படியில நீங்க கை நீட்டினதும் தெரியல்ல." கொஞ்சம் நிறுத்தினார். அடுத்ததைச் சொல்லும்போது குரல் பக்கத்துச் சகன்களுக்கும் கேட்டது. "ஜுனைதா ஊட்டில எனக்கு வயிறு நெறயச் சோறு போடுறா."

பாயிஸ்தான் மெல்லக் கேட்டான். "அப்ப நானா... என்ட கோட்டுத் துணி?"

"இன்னும் கத்தரிக்கோல் வைக்கல்ல. நாளைக்கி வந்து எடுத்துட்டுப் போங்க தம்பி."

பாயிஸ் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அபூசாலி பிஸ்மி சொல்லித் தனக்கு நேர் முன்னால், ஆளில்லாத இடமென்று துண்டு வைக்காமல் விட்டிருந்த வெறும் சோற்றிலிருந்து ஒரு வாய் எடுத்தார். ஜபார் கவிழ்த்திருந்த கையை எடுத்து, தன் கோழித்துண்டைத் தூக்கி அபூசாலியின் பங்கின் இடது ஓரத்தில் வைத்தார். அபூசாலியின் கண்ணுக்கு அது எட்டவில்லை, இன்னொரு வாய் சோறு எடுத்தார். ஜபார் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் சகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். பிறகு சுட்டுவிரலைத் துண்டின் மேல் வைத்து, அது கண்ணில் பட்டு அபூசாலியின் விரல்கள் நிற்கும்வரைக்கும் அதைச் சோற்றின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போனார்.